இருட்டில் விளையும் கீரை

காப்பித்தூள் பொட்டலத்தில் ‘சிக்கரி கலந்தது’ என்று அச்சிட்டிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். கலப்படம் என்றே எங்களில் பலர் எண்ணியிருந்தோம். அப்படியன்று. அது ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தது. அத்தகைய தூளில் 100 கிராமுக்கு 51 கிராமாவது காப்பி இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதே இனச் செடியைப் பெல்ஜியம் நாட்டார் நிலவறையில் கீரையாக வளர்க்கிறார்கள் என்று தாவரவியல் வகுப்பில் அறிந்தபோது வியந்தோம்.

குளிர்நாட்டு வீடுகளில் தரைக்கடியில் ஓர் அறை கட்டுவது வழக்கம். வெளியே பனி உறைந்தாலும் மண்ணுக்குள் அவ்வளவு குளிர் இறங்காது. ஈரமும் எளிதில் காயாது. கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு எல்லாம் அங்கே மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆனால் பறித்த கீரை எத்தனை நாள் தாங்கும்? அந்தக் குறையைச் சிக்கரி தீர்த்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றி இம்முறை பரவிற்று.

சிக்கரி ஈராண்டுத் தாவரம். முதலாண்டில் இலைகள் தயாரிக்கும் உணவை வேரில் சேர்த்து வைக்கும். மறு ஆண்டில் அதைக் கொண்டு நீல நிறத்தில் பூக்கும். தோட்டக்காரர் இவ்விரண்டுக்கும் இடையில் புகுந்துகொள்கிறார். மே, ஜூன் மாதங்களில் விதைத்து, இலையுதிர்காலத்தில் வேரைத் தோண்டுகிறார். இலைகளை ஒட்ட வெட்டிவிடக் கூடாது. வேரின் தலைக்கு மேல் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். நடுக்குருத்து போனால் எல்லாம் போயிற்று! பிறகு வேர்களைக் குளிரில் வைத்திருந்து, நிலவறை மண்ணில் நெருக்கமாக நிமிர்த்தி நட்டு, மேலே மண்மூடி, சற்று வெப்பமும் கொடுக்கிறார். வசந்தம் வந்துவிட்டதென ஏமாந்து வேர் துளிர்க்கிறது. மூன்று, நான்கு வாரங்களில் வெள்ளைக் குருத்துகள் தயார். வெளிச்சம் பட்டால் பச்சை ஏறும், கசப்பும் மிகும். ‘விட்லூஃப்’ என்ற அதன் பெயருக்கு அவர்கள் மொழியில் வெள்ளை இலை என்று பொருள். இக்காலத்தில் மண்ணின்றித் தண்ணீர்த் தட்டுகளில் வளர்ப்பதே மிகுதி. இருட்டு மட்டும் மாறவில்லை.

சிக்கரி வேர் கிடைக்காததால் நாங்கள் பூண்டைக் கொண்டு சோதித்தோம். ஒரு கிண்ணத்துப் பூண்டைச் சன்னலோரத்திலும் மற்றொன்றைக் கவிழ்த்த பானைக்குள்ளும் வைத்தோம். பத்து நாள் கழித்துப் பானையை எடுத்தால், உள்ளே வெளிறிய மஞ்சள் தளிர்! பூண்டுப் பல் சுருங்கியிருந்தது. அதன் சேமிப்பு தளிருக்குப் போய்விட்டதல்லவா? அதையும் சன்னலோரத்துக்கு மாற்றினோம். இரண்டு நாளில் நுனியில் பச்சை ஏறத் தொடங்கிவிட்டது.