தயிர் போதுமா? பெருங்குடல் அழற்சியும் புரோபயாட்டிக்கும்

சேலையூரில் பஸ் பிடித்து தாம்பரம் போய், அங்கிருந்து பீச் வரைக்கும் லோக்கல் ட்ரெயினில் போகிறீர்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ட்ரெயினில் டாய்லெட் கிடையாது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம். ஆனால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள ஒருவருக்கு, காலையில் எழுந்ததும் வரும் முதல் கவலையே அதுதான். என் ரூம்மேட்டுக்கு இது வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

என்ன நோய் இது?

பெருங்குடலின் உள்சுவரில் அழற்சி வந்து புண்ணாகிறது. ரத்தம் கலந்த பேதி, அடக்க முடியாத அவசரம், வயிற்று வலி, களைப்பு எல்லாம் வரும். கொஞ்ச நாள் அடங்கியிருக்கும், திடீரென்று மறுபடி கிளம்பும். தொற்றுநோய் இல்லை. பெரும்பாலும் 15 முதல் 30 வயதுக்குள், அதாவது நம்ம வயதில்தான் தொடங்குகிறது. "இது வெள்ளைக்காரங்க நோய்" என்று நினைக்காதீர்கள். லூதியானாவில் எடுத்து 2003-இல் வெளியான கணக்கெடுப்பில், லட்சம் பேருக்கு சுமார் 44 பேரிடம் இது இருந்தது.

நல்ல பாக்டீரியா உதவுமா?

போதுமான அளவில் எடுத்தால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள்தான் புரோபயாட்டிக். இதில் "போதுமான அளவில்" என்ற சொல்லை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலேயே நடந்த ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. லூதியானா டாக்டர் அஜித் சூட் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்து, 2009-இல் வெளியிட்டார்கள். லேசான, நடுத்தர நோயுள்ள 147 பேர். 77 பேருக்கு விஎஸ்எல்#3 என்ற எட்டு வகை பாக்டீரியாக் கலவை, 70 பேருக்கு மருந்தில்லாத டம்மி. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 12 வாரம் கழித்து நோய் அடங்கியவர்கள் முதல் குழுவில் 42.9 சதவீதம், இரண்டாவதில் 15.7 சதவீதம்.

நல்ல முடிவுதான். ஆனால் டோஸைப் பாருங்கள்: ஒரு வேளைக்கு 3.6 லட்சம் கோடி பாக்டீரியா, தினம் இரண்டு வேளை. நம் நாட்டில் ஒரு பொருளைப் புரோபயாட்டிக் என்று விற்க எஃப்எஸ்எஸ்ஏஐ கேட்கும் குறைந்தபட்ச அளவு ஒரு நாளைக்கு 10 கோடி. வகுத்துப் பார்த்தால் ஆய்வில் கொடுத்தது அதைப் போல 72,000 மடங்கு! கடையில் வாங்கும் ஒரு குட்டி பாட்டிலைக் குடித்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. அதோடு, ஒரு வகை பாக்டீரியாவுக்குக் கிடைத்த பலன் இன்னொரு வகைக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவச் சங்கம் 2020-இல் எல்லா ஆய்வுகளையும் அலசிவிட்டு, இந்த நோய்க்குப் புரோபயாட்டிக்கை ஆய்வுகளுக்குள் மட்டும் பயன்படுத்தச் சொன்னது. ஆதாரம் இன்னும் போதவில்லை என்பதுதான் காரணம். நம் ஊரிலும் தேடல் நடக்கிறது. பழைய சோறு குடல் அழற்சி நோயாளிகளுக்கு உதவுமா என்று ஆராய, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்குத் தமிழக அரசு நிதி ஒதுக்கியது.

வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது?

கொலோனாஸ்கோபி புண்ணைக் காட்டும், பயத்தைக் காட்டாது. அதற்காகவே கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான 32 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. குடல் தொல்லை, உடல் களைப்பு, மனநிலை, வெளியே பழகுவது என நான்கு பகுதி. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 7 வரை மார்க், மொத்தம் 224. மார்க் கூடினால் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று பொருள். புது சிகிச்சை பற்றிப் படிக்கும்போது, "நோய் அடங்கியதா?" என்பதோடு "இந்த மார்க் கூடியதா?" என்றும் கேளுங்கள்.

உங்களுக்கோ நண்பருக்கோ இருந்தால்

மெசலமைன் போன்ற மாத்திரையை நிறுத்திவிட்டு யோகர்ட், கேப்ஸ்யூல் பக்கம் போகாதீர்கள். என் ரூம்மேட் செமஸ்டர் லீவில் அதைத்தான் செய்தான், "இயற்கையா சரியாயிடும்டா" என்று. மூன்றே வாரத்தில் ரத்தம். அந்த செமஸ்டரில் இரண்டு பேப்பர் எழுத முடியவில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று சிகாகோவில் நடந்த ஓர் ஆய்வு 2003-லேயே சொல்லியிருக்கிறது.

தயிரும் பழைய சோறும் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் உணவாக மட்டும். புரோபயாட்டிக் வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு, மாத்திரையோடு சேர்த்து எடுக்கலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. மலத்தில் ரத்தம் பார்த்தால் "மூலமா இருக்கும்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

நண்பர்களுக்கு ஒன்று. எக்ஸாம் ஹாலில் கதவுப் பக்க சீட் கேட்டு ஒருவன் நின்றால், டூர் பஸ்ஸில் வண்டியை நிறுத்தச் சொன்னால், கிண்டல் செய்யாதீர்கள். அந்த 32 கேள்விகளில் சிலவற்றுக்கு அவன் மார்க்கைக் கூட்ட உங்களாலும் முடியும். அதற்கு எந்த பாக்டீரியாவும் தேவையில்லை.