கேஸ் கீசரில் கசிவும் சத்தமும்

மைசூரில் மார்கழிக் குளிர் அதிகம். பல வீடுகளில் கேஸ் கீசர் இருக்கிறது. அதில் சத்தம் வந்தால் என்ன செய்வது?

"டிக் டிக்" என்று சத்தம் வருகிறது. தீ பற்றவில்லை. பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும். தண்ணீர் வேகமாக வராவிட்டாலும் பற்றாது.

"டப்" என்று பற்றுகிறதா? கேஸ் சேர்ந்து, தாமதமாகப் பற்றுகிறது. உடனே நிறுத்துங்கள். மெக்கானிக் பார்க்கட்டும்.

தண்ணீர் சொட்டினால் பெரும்பாலும் வாஷர்தான் தேய்ந்திருக்கும். செலவு கொஞ்சம்தான்.

கேஸ் வாடை வந்தால் விளையாட்டு இல்லை. ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறங்கள். சுவிட்சைத் தொடாதீர்கள். வெளியே வந்து 1906 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கும். டியூபில் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கசிந்தால் குமிழி கிளம்பும். சிலர் தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறார்கள். என்ன துணிச்சல்!

இன்னொரு ஆபத்து உண்டு. அதற்குச் சத்தமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய குளியலறையில் கீசர் எரிந்தால் காற்று குறையும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிவது அதன் அடையாளம். 2025 அக்டோபரில், மைசூர் மாவட்டம் பிரியாபட்டணத்தில், குளிக்கப் போன அக்கா, தங்கை இருவரும் கீசர் வாயுவால் இறந்தார்கள்.

கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள். குழாய் மட்டும் உள்ளே வரட்டும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க விடமாட்டார்களா? கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடியுங்கள். கீசரை அணையுங்கள். புகை போகட்டும். பிறகு குளியுங்கள். குளிக்கும்போது தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.