குளிரை வெல்லும் பங்கசுக்கள்

குளிர் அழுகலைத் தடுக்கும் என்பதை யாவரும் அறிவர். மீனைப் பனிக்கட்டியில் இட்டுக் காப்பது இதனாலன்றோ? எனினும் தடுத்தல் வேறு, கொல்லுதல் வேறு. இவ்வேறுபாட்டை அந்தாட்டிக்காவிலுள்ள ஒரு மரக்குடில் நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

தென்முனையை நாடிச் சென்ற ஸ்கொட் என்பார் 1911ஆம் ஆண்டில் இவான்ஸ் முனையில் அக்குடிலை அமைத்தார். 1912இல், தென்முனையினின்று மீளும் வழியில், அவர் மாண்டார், குடில் நிலைத்தது. கடுங்குளிரில் அதன் பலகைகள் என்றும் கெடா என எண்ணுதல் இயல்பே. ஆயின் பிற்காலத்தில் அவற்றை ஆராய்ந்தோர், கடபோரா என்னும் சாதிப் பங்கசுக்கள் மரக்கலங்களின் சுவர்களைக் குடைந்திருத்தலைக் கண்டனர். குளிரில் இவை வாழ்வது எங்ஙனம்?

குளிரால் உயிர்க்கலத்துக்கு நேரும் இடர்கள் மூன்று. முதலாவது, கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு இறுகுதல். மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய் போத்தலில் உறைந்து நிற்க, நல்லெண்ணெய் இளகியே இருத்தலை நாம் கண்டுள்ளோம். நல்லெண்ணெயில் நிரம்பாத கொழுப்பமிலங்கள் மிகுந்திருத்தலே காரணம். குளிர் ஏறுந்தோறும் பங்கசும் தன் மென்சவ்வில் இத்தகைய கொழுப்பமிலங்களைப் பெருக்கி, அதனை இளக்கமாக வைத்துக்கொள்ளுகின்றது.

இரண்டாவது, நீர் உறைதல். இதற்கெதிராகப் பங்கசு கிளிசரோலையும் திரெகலோசு என்னும் வெல்லத்தையும் கலத்தினுள் சேர்க்கின்றது. உப்புநீர் எளிதில் உறையாமை போலவே இவை கரைந்த நீரும் எளிதில் உறையாது. பனியின் கீழ் வளர்ந்து புல்லையும் கோதுமையையும் தாக்கும் தைபூலா என்னும் பங்கசு இன்னும் ஒருபடி மேற்செல்லும். அது வெளிவிடும் ஒருவகைப் புரதம் பனிப்பளிங்குகளில் ஒட்டி, அவை பெருகாது தடுக்கின்றது.

மூன்றாவது, நொதியங்கள் மந்தமாதல். குளிர்நிலப் பங்கசுக்களின் நொதியங்கள் பல நெகிழ்ந்த அமைப்புடையன. ஆதலின் தாழ்ந்த வெப்பநிலையிலும் தொழிற்படும். அந்நெகிழ்ச்சிக்கு விலையும் உண்டு: வெப்பம் மிகுந்தால் அவை விரைவில் உருக்குலையும்.

இவ்வாறு தம்மைக் காத்துக்கொள்ளும் பங்கசுக்கள் குளிர்காலத்தில் அடங்கிக் கிடந்து, கோடையில் வெப்பநிலை உறைநிலையைக் கடந்து மரம் ஈரமுறும் நாள்களில் மீண்டும் வளருகின்றன. ஆண்டுக்குச் சில நாள்களே ஆயினும், நூறாண்டுக் கணக்கில் அழிவு சிறிதன்று. ஆகவே அக்குடிலைப் பேணுவோர் குளிரை மட்டும் காவலாக நம்புதல் தகாது. பனிப்படிவை அகற்றி, மரத்தை ஈரமின்றி வைத்தலே வேண்டுவது. குளிர் இவ்வுயிர்களை உறங்கச் செய்யுமேயன்றி ஒழிக்காது என்பதை நாம் நினைவிற் கொள்வோமாக.