வத்தேகமைக்குப் புதிதாக வரும் இளம் வைத்தியர்களுக்கு

தம்பி, தங்கச்சி, ஓபிடி மேசைக்கு முன்னால் வந்து உட்காரப்போகும் ஐம்பது, அறுபது வயது ஆண்களை நினைத்தே இதை எழுதுகிறேன். புரொஸ்டேட் புற்றுநோயை ஆரம்பத்திலேயே தேடுவதா, கண்டதும் சத்திரசிகிச்சை செய்வதா என்பதில் உலக வைத்தியர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆகவே நோயாளியோடு சேர்ந்து முடிவெடுக்கப் பழகுங்கள்.

1. கேட்டால்தான் சொல்வார்கள். சீனி, பிரஷர் மருந்துக்கு வந்தவர், கிளினிக் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பும்போதுதான், "ஒண்ணுக்குச் சரியா போகுதில்லீங்க டொக்டர்" என்பார். மறுபடி உட்கார வையுங்கள். தோட்ட லயங்களில் பலருக்குக் கக்கூஸ் வெளியேதான். "ராத்திரியில எத்தனை தடவை டோர்ச்ச எடுக்குறீங்க?" என்று கேளுங்கள், சரியான பதில் வரும்.

2. அந்தத் தொல்லை பெரும்பாலும் வயதோடு புரொஸ்டேட் சுரப்பி பெருப்பதால் வருவது. ஆரம்பப் புற்றுநோய் அநேகமாக எந்த அறிகுறியும் காட்டாது. இரண்டையும் குழப்பி அவரைப் பயமுறுத்தாதீர்கள்.

3. பீஎஸ்ஏ இரத்தச் சோதனைக்குத் துண்டு எழுதும் முன் பேசுங்கள். சிறுநீர்த் தொற்று, கதீற்றர், சுரப்பி வீக்கம் எல்லாம் அந்த அளவைக் கூட்டும். பினஸ்டரைட் மாத்திரை அதைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். தொற்று இருந்தால் ஆறு வாரமாவது பொறுத்துச் சோதியுங்கள்.

4. இரு பக்க நியாயத்தையும் சொல்லுங்கள். அமெரிக்க நிபுணர் குழு 2012இல் இந்தச் சோதனையே வேண்டாம் என்றது. 2018இல், 55 முதல் 69 வயதுவரை பேசி முடிவெடுக்கலாம், 70க்கு மேல் வேண்டாம் என்றது. ஐரோப்பிய ஆய்வில் 23 வருடங்களில், சோதனைக்கு அழைத்த 456 பேருக்கு இந்நோயால் வரும் ஒரு மரணம் தவிர்ந்தது. தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் வந்திருந்தால், முன்கூட்டியே பேச்சைத் தொடங்குங்கள்.

5. ஆரம்ப நிலை என்றால் அவசரம் என்று அர்த்தமில்லை. பிரித்தானியாவில் ஆரம்ப நிலை நோய் கண்ட 1,643 பேரைக் கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை என மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். 15 வருடங்களில், எந்தப் பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே. ஆனால் கண்காணிப்பில் இருந்தோரில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கு நோய் பரவியது. மற்ற இரு பிரிவுகளிலும் ஐந்து பேர் அளவுக்கே. சிகிச்சைக்குப் பின் சிறுநீர் கசிவும் தாம்பத்தியக் குறையும் வரலாம் என்பதையும் மறைக்காதீர்கள். அவர் விரும்பினால் மனைவியையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

6. கண்காணிப்பு என்பது கைவிடுவது அல்ல. பீஎஸ்ஏ, எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் மறுபடி பயொப்சி என்று வருடக்கணக்கில் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருநாள் சம்பளம் போகும். அவரால் முடியுமா என்று கேட்டபின் முடிவெடுங்கள். அடுத்த திகதியைக் கொப்பியில் தமிழிலும் எழுதிக்கொடுங்கள்.

7. பொறுக்கக் கூடாதவையும் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொண்டால், முதுகுவலியோடு கால் மரத்தாலோ வலுவிழந்தாலோ, அன்றைக்கே கண்டிக்கு அனுப்புங்கள். வெறும் கடிதத்தோடு விடாமல், வார்டுக்கு நீங்களே போன் எடுத்துச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.