ஆங்கில இலக்கியப் பட்டமும் அரசு அலுவலக வேலையும்

கேள்வி: பி.ஏ. ஆங்கிலம் முடித்தவர் அரசு அலுவலக வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணியிடங்கள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு வழியே நிரப்பப்படுகின்றன. இளநிலை உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். ஆங்கிலப் பட்டத்துக்குத் தனிச் சலுகை கிடையாது. 200 வினாக்களில் 100 தமிழ்ப் பாடத்தில் வரும். அதற்குரிய 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காதவருக்கு மற்ற பகுதி மதிப்பிடப்படாது. பள்ளியில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு படித்தவர்கள் சறுக்கக்கூடிய இடம் இது. தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ‘ஹையர்’ (முதுநிலைத் தட்டச்சுத் தேர்வு) முடித்தவருக்கே முன்னுரிமை. ஆங்கில ஹையருக்கு நிமிடத்துக்கு 45 சொல் வேகம் வேண்டும். பட்டம் உண்மையில் கைகொடுப்பது குரூப் 2-இல்: முதல்நிலைத் தேர்வில் பொதுத் தமிழுக்குப் பதில் பொது ஆங்கிலம் எழுதலாம். முதன்மைத் தேர்விலோ தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம்.