சோறு இல்லாத அடுப்படி: பேலியோவுக்கு மாறுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

பேலியோ, கீட்டோ, லோ கார்ப் என்று பல பெயர்களில், மாவுச்சத்தைக் குறைக்கும் இந்த உணவுமுறை தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. நியாண்டர் செல்வன் நடத்தும் ஃபேஸ்புக் குழுவும் அவருடைய புத்தகமும் இதை இங்கே பரப்பியதில் பெரும்பங்கு வகித்தன. எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்ற பட்டியல் இன்று எல்லோருடைய போனிலும் இருக்கிறது. அடுப்படியில் என்னென்ன மாற வேண்டும் என்பதைத்தான் பட்டியல் சொல்வதில்லை. நம் வீட்டு உப்பு, புளி, காரம், பாத்திர அளவு, மளிகைக் கணக்கு எல்லாமே சோற்றை நடுவில் வைத்துப் போட்டவை. சோற்றை எடுத்தால் மற்றதையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியதுதான்.

1. முதலில் மாத்திரை டப்பாவைப் பாருங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுக்கும் சர்க்கரைக்காரர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சோற்றை நிறுத்தக் கூடாது. மாவுச்சத்து குறைந்த அன்றே பழைய அளவு மருந்து அதிகப்படியாகிவிடும். சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ ஒட்டிய மாத்திரைகளில் ஆபத்து வேறு மாதிரி. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரக்கூடும், குளுக்கோமீட்டரைப் பார்த்து ஏமாந்துபோவோம். ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் வீட்டில் இன்னொருவர் செய்கிறாரே என்று கூடச் சேர்ந்துகொள்ள வேண்டாம்.

2. மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். காலை டிபனில் தொடங்குவது சுலபம். இட்லி, தோசை, பொங்கல், உப்புமா எல்லாமே மாவுதான். அந்த இடத்தில் மூன்று முட்டை வந்தாலே பெரிய மாற்றம். அது பழகிய பிறகு இரவு. மதியச் சோற்றைக் கடைசியாக விடுங்கள்.

3. கறிக்குழம்பை வெறும் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள், தொண்டை எரியும். ஒரு கரண்டிக் குழம்புக்கு நாலு பிடி சோறு என்ற கணக்கில் போட்ட காரம் அது. பேலியோவுக்கு மாறிய பலருக்கு முதல் மாதம் நெஞ்செரிச்சல் வர இறைச்சி காரணமில்லை, இந்தக் காரமும் புளியும்தான் காரணம் என்பது என் கணிப்பு. மிளகாய்த்தூளைப் பாதியாக்குங்கள். புளியை மூன்றில் ஒரு பங்காக்குங்கள், மீன் குழம்பில் அதைவிடக் குறைத்தாலும் தவறில்லை. உப்பையும் குறைத்தே போட்டு, தட்டில் வந்தபின் வேண்டிய அளவு தூவிக்கொள்ளலாம். மசாலா குறைந்தால் குழம்பு நீர்த்துத்தான் போகும். அதனால் தண்ணீரையும் குறைத்து, குழம்பாக இல்லாமல் பிரட்டலாகவோ சுக்காவாகவோ இறக்குவது நல்லது.

4. இதற்கென்று வெளிநாட்டுச் சமையல் குறிப்பைத் தேடி அலைய வேண்டாம். சிவகங்கை, விருதுநகர் பக்கத்து உப்புக்கறியில் கறி, சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், மஞ்சள், நல்லெண்ணெய், உப்பு, பெரும்பாலும் அவ்வளவுதான். ஈரோட்டுக்கு அக்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்துச் சிக்கனும் அதே ஜாதி. அரைக் கிலோ கோழியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வாங்குங்கள். எட்டுப் பத்துக் காய்ந்த மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு எண்ணெயில் போட்டு, அது கருகுவதற்குள் இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயம், கறிவேப்பிலை சேருங்கள். வெங்காயம் கண்ணாடியாக வந்ததும் கோழி, மஞ்சள், உப்பு. தண்ணீர் ஊற்றாமல் மூடி வைத்தால் கோழியே போதுமான நீர் விடும். அந்த நீர் வற்றி எண்ணெய் சலசலக்கும் நேரத்தில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைப் போட்டு, ஓரம் சிவக்கும்வரை கிளறுங்கள். பொடி இல்லை, அரைப்பு இல்லை. சோறு இல்லாமல் சாப்பிடவென்றே யாரோ யோசித்துச் செய்தது போல இருக்கும்.

5. குழம்பு கெட்டியாகப் பொட்டுக்கடலையை அரைத்து ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதற்குப் பதில் தேங்காயும் ஒரு டீஸ்பூன் கசகசாவும் அரைத்துவிடுங்கள். வறுவலுக்குச் சோளமாவும் மைதாவும் தேவையில்லை. ஒரு முட்டை வெள்ளைக்கரு மசாலாவைப் பிடித்துக்கொள்ளும்.

6. கறிக்கடையில் கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். இத்தனை நாள் ‘தனிக்கறியா, கொழுப்பு இல்லாம’ என்று கேட்டவர்கள், இனி ‘பாய், நெஞ்செலும்பா போடுங்க, கொழுப்பை வெட்டிப் போட்டுடாதீங்க’ என்று சொல்லப் பழக வேண்டும். பிராய்லர் கடையிலும் தோல் உரிக்காமல் கேளுங்கள்; பெரும்பாலான கடைகளில் விலையும் குறைவு. ஆட்டுக்கறி விற்கிற விலைக்குத் தினமும் வாங்க யாராலும் முடியாது. ஈரல், சுவரொட்டி, குடல், தலைக்கறி, ரத்தம் ஆகியவற்றைச் சுற்றுக்கு விட்டால் கை கடிக்காது. ஈரல் வாரம் ஒரு நாள் போதும். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால், தினசரி வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அறவே வேண்டாம். மீனில் வஞ்சிரத்துக்குப் பின்னால் ஓட வேண்டியதில்லை. மத்தியும் அயிலையும் விலை மலிவு, ஒமேகா 3 கொழுப்பு நிறைய. மாட்டுக்கறி, பன்றிக்கறி சாப்பிடும் வீடென்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

7. கொழுப்பைப் பார்த்துப் பயந்து வெறும் கோழி நெஞ்சுக்கறியாகத் தின்பவர்கள் சீக்கிரமே சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். 1928இல் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் இதை ஆளை வைத்தே பார்த்திருக்கிறார்கள். வடதுருவப் பகுதியில் இனூயிட் மக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்த வில்யால்மர் ஸ்டெஃபான்சன், ஓராண்டு இறைச்சி மட்டுமே உண்ணும் சோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார். மருத்துவர்கள் ஆரம்பத்தில் கொழுப்பில்லாத கறியை மட்டும் கொடுத்தபோது சில நாளிலேயே அவருக்கு வயிற்றுப்போக்கும் சோர்வும் வந்தன. கொழுப்பைச் சேர்த்ததும் சரியானார். மாவை நிறுத்தியபின் உடம்புக்கு எரிபொருள் கொழுப்புதான். அதையும் நிறுத்திவிட்டு எதை வைத்து ஓடுவது?

8. மூன்றாம் நாள், நான்காம் நாள் தலைவலி, கிறுகிறுப்பு, இரவில் கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் ‘எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் தாழ்கிறது. சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியே தள்ளுகிறது. பெரும்பாலும் உப்புக் குறைவுதான் இந்தத் தொல்லை. ஒரு டம்ளர் சூப்பில் உப்புப் போட்டுக் குடித்தால் அரை மணியில் வித்தியாசம் தெரியும். குழம்பில் குறைத்த உப்பு இங்கே வந்து சேரட்டும். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

9. ஆட்டுக்கால் சூப்பைத் தினமும் வைப்பது ஆகாத காரியம். ஞாயிற்றுக்கிழமை ஒரு செட் கால், கூடக் கொஞ்சம் நல்லி எலும்பு, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, குக்கரில் ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஜெல்லிபோல உறையும், மேலே கொழுப்பு ஆடை கட்டும். அந்த ஆடையை எறியாமல் எடுத்து வைத்தால் முட்டை பொரிக்க எண்ணெய் வேண்டாம். சூப்பைச் சிறு டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் போட்டால் வாரம் முழுக்கக் கைகொடுக்கும்.

10. முட்டையை இட்லிப் பானையில் ஆவியில் வேக வைத்துப் பாருங்கள். தண்ணீர் கொதித்தபின் இட்லித் தட்டுக் குழியில் ஒவ்வொன்றாக வைத்து 12 நிமிடம். எடுத்ததும் குளிர்ந்த நீரில் போட்டால் ஓடு அழகாகக் கழன்று வரும். வாங்கி ஐந்தாறு நாளான முட்டை இதற்கு நல்லது, புது முட்டை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை.

11. காலையில் நூறு பாதாம் என்பது தமிழ் பேலியோக்காரர்களிடம் கிட்டத்தட்ட வாய்ப்பாடு. நூறு பாதாம் ஏறக்குறைய 120 கிராம், 700 கலோரி. கறி, முட்டை சாப்பிடுகிற வீட்டுக்கு அது அவசியமே இல்லை. அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் பாருங்கள். சைவர்கள் சாப்பிடட்டும். பட்டர் டீயையும் விருப்பமிருந்தால் குடியுங்கள், மருந்துபோலக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வேண்டாம். பால் காபியை விட முடியாதவர்கள் சர்க்கரையை மட்டும் விட்டு, சின்ன டம்ளருக்கு மாறினாலே பாதி வேலை முடிந்தது.

12. ஒருவருக்காக இரண்டு சமையல் என்றால் வீட்டில் ஒரு மாதத்தில் சண்டை வரும். குழம்பு ஒன்றே இருக்கட்டும். கறி வெந்ததும், உருளைக்கிழங்கும் அரைப்பும் புளியும் சேர்க்கும் முன்பே உங்கள் பங்குக் கறியைத் தனி வாணலிக்கு எடுத்து மிளகு போட்டுச் சுருட்டிவிடுங்கள். பொரியலிலும் அப்படியே: கோஸ், கத்தரி, வெண்டை, புடலை, சுரை, பாகல், கீரை எல்லாருக்கும் பொது. சேனை, மரவள்ளி, வாழைக்காய், பீட்ரூட் சமைக்கும் நாளில் உங்களுக்கு ஒரு ஆம்லெட். ‘சோறு தின்னாம எப்படிடா வயிறு நிறையும்’ என்று கேட்கும் அம்மாவிடம் வாதம் செய்யாமல், தட்டில் பொரியலை அவர் சோறு வைக்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு உட்காருங்கள். அவருக்குத் தேவை நிறைந்த தட்டு.

13. காலிஃபிளவர் சோறு சொதசொதவென்று போவதற்கு இரண்டு காரணம்: தண்ணீர், மூடி. பூவைக் கழுவித் துணியில் ஈரம் போகத் துடைத்து, துருவி, அகலமான வாணலியில் நெய் விட்டு மூடாமல் ஐந்து நிமிடம் வதக்கினால் உதிரியாக நிற்கும். உப்புக் கடைசியில்.

14. தினசரிக் காலண்டரைப் பார்த்துத்தான் கறி வாங்க வேண்டும். வெள்ளி, அமாவாசை, கிருத்திகை என்று கவிச்சி சேராத நாட்களுக்குப் பனீர், தயிர், தேங்காய், கீரை முன்கூட்டியே இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நல்ல மீன் குறையும், விலை ஏறும். புரட்டாசியில் பலர் அசைவத்தை நிறுத்துவதால் கோழி, முட்டை விலை இறங்குவது வழக்கம். விரதம் இல்லாத வீட்டுக்கு ஃப்ரீசரை நிரப்ப அதுதான் மாதம். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி நாட்களில் கறிக்கடை மூடியிருக்கும். முந்தின நாளே வாங்கி வையுங்கள்.

15. வாங்கிய கறியை மொத்தமாக ஃப்ரீசரில் திணித்தால் பாறையாகிவிடும். கால் கிலோ கால் கிலோவாகப் பையில் போட்டுத் தட்டையாக அமுக்கி அடுக்குங்கள். மறுநாள் சமைக்க வேண்டியதை முதல்நாள் இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள். மேடையில் வைத்து உருக்க வேண்டாம். கோழியைக் குழாயடியில் அலசினால் நீர் தெறித்துக் கிருமி மேடையெங்கும் பரவும். அலசியே ஆக வேண்டும் என்றால் பாத்திரத்து நீரில் முக்கி எடுங்கள். சாஸேஜ், சலாமி பாக்கெட்டுகளை வாடிக்கையாக்காதீர்கள். பல பாக்கெட்டுகளில் ஸ்டார்ச் கலந்திருக்கும்; பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சேர்த்தும்விட்டது.

16. ஆட்டுக் கொழுப்பைத் தொட்டிக்குழியில் ஊற்றினால் ஒரு நாள் பிளம்பர் வந்து நிற்பார். வாணலியைச் சூடு ஆறுவதற்குள் செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்டு, பிறகு வெந்நீரும் சபீனாவும். சாப்பாட்டையும் சூடாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள், ஆறினால் தட்டிலேயே வெள்ளையாக உறையும்.

17. வெளியே சாப்பிட பரோட்டாக் கடையே போதும். கலக்கி, ஆஃப் பாயில், ஆம்லெட், மட்டன் சுக்கா, ஈரல் வறுவல் எல்லாம் அங்கே உண்டு; சால்னாவை மட்டும் தொடாதீர்கள், அதில் பொட்டுக்கடலை அரைப்பு இருக்கும். கிரில் சிக்கன் நல்லது, சிக்கன் 65இல் மாவு. கல்யாணப் பந்தியில் விளக்கம் சொல்லத் தொடங்கினால் பக்கத்து இலைக்காரர் அறிவுரை தொடங்குவார். ‘வயிறு சரியில்ல’ என்று சொல்லிவிட்டுக் கூட்டு, பொரியலோடு எழுந்துகொள்ளுங்கள்.

18. மலச்சிக்கல் வந்தால் தினம் ஒரு கட்டுக் கீரை, கூடுதல் தண்ணீர். எலுமிச்சையும் நெல்லிக்காயும் வைட்டமின் ‘சி’க்கு. வாயில் பழவாடை அடிப்பது கீட்டோனால், கொஞ்ச நாளில் குறையும், அதுவரை சோம்பு.

19. முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் ஈரலிலும் சேமித்த சர்க்கரை தன் எடையைப்போல மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். சர்க்கரை கரைந்தால் நீரும் போகும். ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டுக் காலையில் ஒரு கிலோ ஏறியிருந்தால் அதுவும் தண்ணீர்தான். எடை மெஷினில் வாரம் ஒருமுறை ஏறினால் போதும். ரத்தப் பரிசோதனையை மட்டும் தொடங்கும் முன் ஒன்று, மூன்று மாதம் கழித்து ஒன்று என்று எடுத்துவிடுங்கள். டிரைகிளிசரைடு வழக்கமாக இறங்கும். எல்டிஎல் சிலருக்கு அசையாது, சிலருக்கு வெகுவாக ஏறும். ஏறியவர்கள் ‘பேலியோவில் இப்படித்தான்’ என்று குழுவில் சொல்வதை நம்பி உட்காராமல், வெண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் குறைத்து, ஆட்டுக்கறியின் இடத்தில் மீனை வைத்து, ரிப்போர்ட்டோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.