சாமந்தி கடைசியில் வரட்டும்

சென்னை கொளத்தூர் மீன் கடைத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்றால் இதைப் பார்க்கலாம். பிள்ளையின் கையைப் பிடித்து வரும் அப்பா, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனின் முன்னால் நின்றுவிடுவார். பிள்ளை ‘நீமோ, நீமோ’ என்று குதிக்கும். அரை மணி நேரத்தில் தொட்டி, ஒரு பை உப்பு, இரண்டு மீன், அந்த மீனுக்கு வீடாகும் கடல் சாமந்தி ஒன்று, எல்லாம் ஆட்டோவில் ஏறிவிடும். பத்து நாள் கழித்து எனக்குப் போன் வரும். “சார், சாமந்தி சுருங்கிக் கிடக்குது, தண்ணி நாறுது, என்ன பண்றது?” அந்த நேரத்தில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. சொல்ல வேண்டியதெல்லாம் ஆட்டோ ஏறுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை.

கடல்நீர்த் தொட்டியோடு எனக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். முதல் மூன்று வருடத்தில் என் அவசரத்தால் செத்த உயிர்களின் கணக்கு இன்னும் மனதில் இருக்கிறது. தம்பி, தங்கைகளே, உங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

1. கடைக்குப் போகுமுன் வருடத்தைக் கணக்குப் போடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கோமாளி மீன் இருபது வருடம் வாழும். சாமந்தியின் ஆயுள் அதையும் தாண்டும். ஸ்காட்லாந்தில் ஜான் டாலியல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828-இல் கடற்கரைப் பாறையிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்து வந்து ஜாடியில் வளர்த்தார். அவர் காலமான பிறகும் அது கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. ‘பாட்டி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1887-இல்தான் அது செத்தது. பம்பு, விளக்கு எதுவும் இல்லாத காலம். தவறாமல் கடல்நீர் மாற்றினார்கள், அளவாகத் தீனி கொடுத்தார்கள், அவ்வளவுதான். அது குளிர்கடல் இனம், நம் தொட்டிக்கு வருவது வேறு இனம் என்பது உண்மை. ஆனாலும் எப்படிப்பட்ட உயிரை வீட்டுக்குள் அழைக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வருடம் வேலை மாறி வெளிநாடு போகப்போகிறவர் இப்போது தொடங்க வேண்டாம்.

2. தொட்டி இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதற்குக் கீழே போகாதீர்கள். சுமார் 120 லிட்டர் பிடிக்கும். சின்னத் தொட்டி பராமரிக்கச் சுலபம் என்று நினைப்பது இயல்பு. கடல்நீரில் அது தலைகீழ். தண்ணீர் குறையக் குறைய, உப்பும் சூடும் கழிவும் வேகமாக ஏறி இறங்கும். 30 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் செத்து ஒரு ராத்திரி கிடந்தால், விடியும்போது மற்றதும் இருக்காது. கண்ணாடி, கல், மணல், தண்ணீர் எல்லாம் சேர்த்து 150 கிலோவைத் தாண்டிவிடும். டிவி ஸ்டாண்டு தாங்காது. இரும்பு ஸ்டாண்டு அடித்து, மட்டம் பார்த்து வையுங்கள். ஜன்னல் வெயில் படுகிற இடம் வேண்டாம்.

3. இதில் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும்: கடல் பத்து நிமிட தூரத்தில் இருக்கிறதே, நாலு கேன் தண்ணீர் கொண்டுவந்தால் என்ன? நானும் நீலாங்கரையில் கேன் பிடித்தவன்தான். கரையோரத் தண்ணீர் ஆழ்கடல் தண்ணீர் அல்ல. கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்ப்பது அதில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று நீரும் கலந்து கடலின் உப்பே குறைந்துவிடும். ஒரு தடவை எல்லாம் சரியாக இருக்கும், அடுத்த தடவை காரணம் தெரியாமல் சாமந்தி குறுகும். தொட்டிக்கென்று விற்கிற செயற்கைக் கடலுப்பை வாங்கிக் கரைத்துக்கொள்ளுங்கள். சமையல் உப்பில் வேலை நடக்காது. கால்சியம், மெக்னீசியம் முதலியவை கடலில் உள்ள விகிதத்தில் இருக்க வேண்டும்.

எதில் கரைப்பது? குழாய்த் தண்ணீரில் குளோரின், லாரித் தண்ணீரில் என்னென்ன என்றே தெரியாது. ஆர்.ஓ. தண்ணீர்தான். ஆனால் குடிக்கிற தண்ணீருக்காக வைத்த வீட்டு இயந்திரங்கள் பலவற்றில், ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரையும் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். அதை மூடச் சொல்லுங்கள். ஆர்.ஓ.-வுக்குப் பிறகு, மிச்ச உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. குடுவை ஒன்றையும் மாட்டி, கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். இந்தச் செலவுக்குச் சுணங்கியவர்கள் தொட்டியெல்லாம் பாசி பிடித்து ஆறு மாதத்தில் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

4. லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஒப்படர்த்தி 1.025, 1.026. மிதவை மீட்டரை நம்பாமல் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். தொட்டியில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. ஆகவே தினமும் குறைகிற தண்ணீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். குறைந்ததற்குக் கடல்நீரை ஊற்றி ஊற்றி உப்பை ஏற்றிவிட்டு, மீன் ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்கிறவர்கள் நிறைய. கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். காலையில் காபி குடிக்கும்போது அந்தக் கோடு வரை ஊற்றுங்கள்.

5. தொட்டிக்குள் வைக்கப் பவளக்கல் தேடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான முதல் அட்டவணையில் இருக்கின்றன. ‘செத்த பவளம்தானே சார்’ என்று யாராவது கோணிப்பையில் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்புங்கள். ஒரு காலத்தில் நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் அந்தப் பாறைகளை வண்டி வண்டியாக வெட்டினோம். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. நமக்குச் செயற்கைக் கல் போதும். துளைகள் நிறைந்த சிராமிக் கல்லில் பாக்டீரியா நன்றாகக் குடியேறும்.

6. தண்ணீர், மணல், கல், பம்பு எல்லாம் தயார். இப்போது மீன் போடலாமா? போடக் கூடாது.

இனி வரும் ஆறு வாரம்தான் எல்லோரும் தோற்கிற இடம். மீனின் கழிவிலும் மிச்சத் தீனியிலும் அம்மோனியா உண்டாகும். அது நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், அதன் கொடுமை மிகக் குறைவு. இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பட்டாணி அளவு இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிடுங்கள். வாரம் இரண்டு முறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் ஒரு வாரம் நின்றால் தண்ணீர் தயார். வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான். வீட்டில் கேட்பார்கள், பிள்ளை கேட்கும். பிள்ளையிடம் டெஸ்ட் கிட்டைக் கொடுத்து, நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். என் மகள் அப்படித்தான் அம்மோனியா என்ற சொல்லைக் கற்றுக்கொண்டாள்.

7. நம் ஊரில் கடல்நீர்த் தொட்டியின் முதல் எதிரி சூடு. தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சென்னை வைகாசியில் மூடிய அறை 33 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். சாமந்தியின் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வாங்கி அதற்குச் சாப்பாடு செய்து கொடுப்பவை அவைதான். தண்ணீர் 30-ஐத் தாண்டி நீடித்தால் சாமந்தி அந்தப் பாசிகளைத் துப்பிவிட்டு வெளுத்துப்போகும். 2016-இல் மன்னார் வளைகுடாப் பவளங்களுக்கு நடந்ததும் இதுவே. அங்கே கடலே சூடானது. உங்கள் வரவேற்பறையில் அதை நடக்கவிடாமல் தடுக்க முடியும்.

தண்ணீரின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். புழுக்கமான நாளில் அதுவும் குறையாது. ஆகவே சில்லர் வாங்குங்கள், அல்லது பகலெல்லாம் ஏ.சி. ஓடுகிற அறையில் தொட்டியை வையுங்கள். இரண்டுக்கும் வழியில்லையென்றால் சாமந்தி வேண்டாம். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

சூட்டுக்கு அடுத்தது கரண்ட். பம்பு நின்றால் முதலில் குறைவது ஆக்சிஜன். இன்வெர்ட்டரில் அலை பம்பை மட்டும் இணையுங்கள், அது சில வாட்ஸ்தான் எடுக்கும். விளக்கு ஒரு நாள் எரியாவிட்டால் எதுவும் சாகாது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்றும் கைவசம் இருக்கட்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. நானும் மனைவியும் முறை வைத்து, மணிக்கு ஒரு தடவை மக்கில் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். எல்லாம் பிழைத்தன.

8. தொட்டி இருக்கிற அறையில் கொசு மருந்து அடிக்காதீர்கள், கொசுவர்த்தி வேண்டாம், திரவ மருந்தும் வேண்டாம். மனிதனை ஒன்றும் செய்யாத அளவே மீனையும் சாமந்தியையும் கொல்லும். வலை கட்டித் தூங்குங்கள். வேலைக்கு வருகிற அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். பினாயில் கையோடு தொட்டியைத் தொடக் கூடாது.

9. மீன், வளர்ப்புப் பண்ணையில் பொரித்ததாக இருக்கட்டும். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வழி காட்டியிருக்கின்றன. பண்ணை மீன் தொட்டிக்குப் பழகியது. உருண்டைத் தீனியைத் தின்னும். கடலிலிருந்து ஒன்றைக் குறைத்துவிட்டு வந்ததும் அல்ல.

இரண்டு வாங்குங்கள், ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக. கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாக முதிர்பவை. கூட்டத்தில் பெரியதும் பலமானதும் பெண்ணாகும், அடுத்தது ஆணாக நிற்கும். பெண் செத்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் யார் பெரியவர் என்று தீரும்வரை சண்டைதான். மூன்றாவது மீன் வேண்டாம். ஜோடி சேர்ந்ததும் மற்ற இரண்டும் அதை மூலையில் ஒதுக்கிக் கடித்தே கொன்றுவிடும்.

10. புதிய மீனைத் தனியாக 40 லிட்டர் தொட்டியில் நாலு வாரம் வைத்துப் பாருங்கள். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மருந்து அங்கேதான். அந்த மருந்துகள் பலவற்றில் தாமிரம் உண்டு. தாமிரம் பட்ட தண்ணீரில் சாமந்தி வாழாது.

11. இப்போது சாமந்தி. மீன் வந்து, தண்ணீர் ஆடாமல் அசையாமல் இருந்து, தொட்டிக்கு ஆறு மாதம் ஆகட்டும். எட்டு மாதமானால் இன்னும் நல்லது. தண்ணீரின் சின்ன ஏற்ற இறக்கத்தையும் மீன் தாங்கும், சாமந்தி தாங்காது.

கோமாளி மீனுக்கு வீடு கொடுக்கும் சாமந்தி இனங்கள் பத்துதான். தொடங்குகிறவருக்கு அதில் குமிழ் நுனிச் சாமந்தி ஒன்றையே சொல்வேன். தொட்டியில் அதுவே இரண்டாகப் பிளந்து பெருகும். யாராவது தொட்டி வைத்திருப்பவரிடம் பிளந்த ஒன்றை வாங்கினால் கடலைத் தொட வேண்டியதே இல்லை. நம் கடலில் கிடைக்கும் கம்பளச் சாமந்தி பெரியது, கடுமையாகக் கொட்டும், சின்ன மீனைத் தின்றும் விடும். இரண்டடித் தொட்டிக்கு ஆகாது.

கடையில் பார்க்கும்போது: நிறம் பழுப்போ பச்சையோ சேர்ந்திருக்க வேண்டும். தூய வெள்ளை அழகாகத் தெரியும். அது வெளுத்துப்போனது, பட்டினியில் இருப்பது. பளீரென்ற மஞ்சளும் கருநீலமும் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். வாய் மூடியிருக்க வேண்டும். அடிப்பாதத்தில் கிழிசல் கூடாது. கடைக்காரர் கண்ணாடியிலிருந்து நகத்தால் பிய்த்தெடுக்கப் போனால் ‘வேண்டாம் அண்ணே’ என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சாமந்திக்கென்று சொல்லி எல்.இ.டி. விளக்கு வாங்கி, தினம் எட்டு ஒன்பது மணி நேரம் எரியவிடுங்கள்.

12. சாமந்திக்குக் கால் உண்டு. பிடித்த இடம் கிடைக்கும்வரை நடக்கும். நீங்கள் வைத்த இடத்தில் நிற்காது. இது தெரியாமல் என் முதல் சாமந்தியை இழந்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் அது பம்பின் வாய்க்குள் இழுக்கப்பட்டு நூல் நூலாகத் தொட்டி முழுவதும் மிதந்தது. அதன் நஞ்சில் இரண்டு மீனும் மத்தியானத்துக்குள் போய்விட்டன. பத்து ரூபாய் ஸ்பாஞ்சு ஒன்று அந்தப் பம்பின் வாயில் இருந்திருந்தால் போதும். பம்பு எத்தனை இருந்தாலும் அத்தனை வாயிலும் ஸ்பாஞ்சோ வலையோ சுற்றுங்கள். சாமந்தி வருவதற்கு முந்தைய நாளே சுற்றுங்கள். முதல் வாரம் அலையை மெதுவாக வையுங்கள். நடக்கிறதே என்று எடுத்து எடுத்துப் பழைய இடத்தில் வைக்காதீர்கள்.

13. சாமந்திக்கு வாரம் ஒரு தடவை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு இறால். அதிகம் கொடுத்தால் மறுநாள் கக்கிவிடும்.

14. எல்லாம் செய்தபின்னும் மீன் சாமந்தியை எட்டிப் பார்க்காமல் இருக்கலாம். கவலைப்படாதீர்கள். கடைகளில் அதிகம் விற்கும் ஆரஞ்சுக் கோமாளி, கடலில் குமிழ் நுனிச் சாமந்தியில் குடியிருப்பதில்லை, அதன் வீடு வேறு இனம். பண்ணையில் பொரித்த மீனோ எந்தச் சாமந்தியையும் பார்த்ததே இல்லை. அது பம்பின் ஓரத்தையோ தொட்டியின் மூலையையோ வீடாக வைத்துக்கொள்ளும். சாமந்தி இல்லாமலே நிம்மதியாக வாழும். வலையால் துரத்திச் சாமந்திக்குள் தள்ளினால் இரண்டும் பயப்படும். சாமந்தியின் கொட்டும் செல்களுக்குத் தன் உடம்பின் வழுவழுப்பைப் பழக்கிக்கொள்ள மீனுக்கு நேரம் வேண்டும். முதலில் வாலால் தொடும், ஓடும், திரும்ப வரும், வயிற்றைத் தேய்க்கும்.

என்னுடைய இப்போதைய ஜோடிக்கு நாற்பத்திரண்டு நாள் ஆனது. பெரியது முதலில் போனது. சின்னது இன்னும் ஒரு வாரம் வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தது.